பேட்டரி அறையில் கற்பூரம்

பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பேட்டரிப் பக்கம் வந்த ஆளைத் துடுப்பை ஓங்கிக்கொண்டு துரத்தியவன் சகாயராஜ். அவனேதான் எரிகிற கற்பூரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு அந்த அறைக்குள் போனான். நாங்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்னால் நின்றோம். அத்தனை பேரில் ஒருத்தருக்குக்கூடவா அது நெருப்பு என்று தோன்றவில்லை?

என் பெயர் சாரதாமணி. சாமளாபுரம் தாண்டி ஒரு குளத்தில் படகுத்துறை நடக்கிறது. அங்கே டிக்கெட் கிழிக்கிறவள். அதற்கு முன் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். நீளமான வாய் இருந்தும் சில நேரம் பேச்சு வராமல் போகும் என்று சகாயராஜ் விஷயத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அவன் தூத்துக்குடிப் பக்கம் கடலோர ஊர்க்காரன். கல்யாணமான புதிதில் மனைவி ஆஷாவைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்தவன், கம்பெனி கம்பெனியாக ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டினான். வருஷக் கணக்கில் பஞ்சுத் தூசியை மூச்சோடு உள்ளே இழுத்ததில் நெஞ்சு கெட்டுப்போனது. படுத்தால் மூச்சு வாங்கும், உட்கார்ந்தால் இருமல். இனிமேல் தூசிக்குள் போனால் ஆளே மிஞ்ச மாட்டாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருப்பூரில் தூசி இல்லாத வேலைக்கு எங்கே போவது? அந்தச் சமயம் பார்த்துத்தான் பொங்கியண்ணன் இந்தக் குளத்தைக் குத்தகைக்கு எடுத்துப் படகு விட்டார். பொங்கியண்ணன் என்றால் எங்கள் மொதலாளி. தோட்டமும் இருக்கிறது, பனியன் கம்பெனியும் இருக்கிறது. மரியாதைக்காரர், யாரையும் ‘டா’ போட்டுப் பேச மாட்டார்.

“படகுன்னா எனக்குப் பால் குடிக்கிற காலத்துலேர்ந்து பழக்கம்யா” என்று சொல்லித்தான் சகாயராஜ் வேலைக்குச் சேர்ந்தான். சேர்ந்த அன்றைக்கே முழித்தான். ஏனென்றால் இவை டீசல் படகு இல்லை. குளத்துக்குப் பறவை வருகிறது, புகையும் சத்தமும் கூடாது என்று எல்லாம் பேட்டரிப் படகு. பின்பக்கம் ஒரு குழாய் தண்ணீருக்குள் இறங்கும், அதன் நுனியில் மின்விசிறி மாதிரி சின்ன மோட்டார். காலடியில் ஒரு பேட்டரி. பெரிய படகென்றால் இரண்டு பேட்டரியைக் கோத்திருக்கும். அவ்வளவுதான்.

“கடல்ல பொறந்த மீனு, குளத்துல முழிக்குது பாருங்க” என்று நான் கிண்டலடித்தேன். அவனுக்குக் கோபமே வராது. “ஒரு மாசம் பொறுங்கக்கா, அப்புறம் பேசுங்க” என்றான்.

ஒரு மாசத்தில் கற்றுக்கொண்டான். கம்பெனிகளுக்கெல்லாம் யூபிஎஸ் பேட்டரி பார்க்கிற ஜெயபாண்டி என்ற மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டு, கேள்வி மேல் கேள்வி கேட்டு அவன் உயிரை எடுத்துவிட்டான். பிறகு எங்கள் உயிரை எடுக்க ஆரம்பித்தான். சாயங்காலம் படகு கரை ஏறியதும் பேட்டரிகளைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்து, தகரக் கொட்டகையில் மரப் பலகைமேல் வரிசையாக வைப்பான். மேல்மூடிகளைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவான். முதலில் சார்ஜர் கவ்வியைப் பேட்டரியில் மாட்டி, பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். கழற்றும்போது முதலில் சுவிட்ச், பிறகு கவ்வி. மாற்றிச் செய்தால் பொறி பறக்கும். பொறி பறந்தால் சகாயராஜும் பறப்பான், அப்படி ஒரு சத்தம் போடுவான்.

படகில் கூட்டம் எவ்வளவு இருந்தாலும் சார்ஜ் பாதிக்குக் கீழே இறங்க விட மாட்டான். “வயித்தக் காயப்போட்டா பேட்டரி செத்துரும்க்கா” என்பான். கம்பெனி யூபிஎஸ்ஸில் கழித்துப் போட்ட பழைய பேட்டரி ஒன்றை மொதலாளி சிக்கனம் பார்த்துப் புதியதோடு சேர்த்து மாட்டச் சொன்னபோது, “கெழட்டு மாட்டையும் காளக் கன்னையும் ஒரே ஏர்ல பூட்டுவியளாய்யா?” என்று கேட்டே விட்டான். தோட்டக்காரருக்கு அந்தப் பேச்சு உடனே புரிந்தது. சிரித்துக்கொண்டு புதிதே வாங்கித் தந்தார்.

எல்லாவற்றையும்விட அவன் ஓயாமல் ஓதியது இரண்டு விஷயம். ஒன்று, சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் நெருப்பு கூடாது. “பேட்டரி காத்து விடுதுக்கா. கண்ணுக்கும் தெரியாது, மணமும் வராது. பத்திக்கிட்டா அவ்வளவுதான்.” இன்னொன்று, ஆசிட் கண்ணில் பட்டால் தண்ணீர். “என்ன ஏதுன்னு யோசிக்கப்படாது. தண்ணி, தண்ணி, தண்ணி.” கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துப்போனது.

படகு ஏறிய பிறகு அவன் நெஞ்சும் தேறியது. இருமல் போய்விட்டது. ‘இவிய இப்பத்தான் ராத்திரி படுத்துத் தூங்குதாவ’ என்று ஆஷா என்னிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். அவள் பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. சாரல் அடித்துத் தகரக் கொட்டகை முழுக்க நனைந்தது. பூஜைக்கு மறுநாளிலிருந்து லீவு, குளத்தில் கூட்டம் அம்மும். அதனால் எல்லாப் படகுக்கும் பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். மொதலாளி வந்து பார்த்துவிட்டு, டிக்கெட் அறைக்குப் பின்னால் இருக்கிற சாமான் அறையை ஒழித்து எல்லாவற்றையும் அங்கே வைக்கச் சொன்னார். பூஜையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். சகாயராஜ், “உள்ளயாய்யா?” என்று ஒரு இழுப்பு இழுத்தான். “சன்னல் இருக்குதல்லங்க” என்றார் அவர். சன்னல் இருக்கத்தான் செய்தது. ஆனால் பூஜைக்காகச் சாமி படம் போட்ட ஃப்ளெக்ஸைக் கட்டும்போது அந்தச் சன்னல் மேலேயே கட்டிவிட்டார்கள்.

பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் பேட்டரிகளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்திச் சரம் சுற்றி, சார்ஜரையும் மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அலங்காரம் பண்ணிய பிறகு பூஜை நேரம்வரை யாரும் உள்ளே போய்த் தட்டிவிடக் கூடாதல்லவா? எல்லாக் கம்பெனியிலும் அதுதான் வழக்கம். மறுநாள் காலையில் நல்ல நேரத்தில்தான் கதவைத் திறந்தோம்.

வெளியூர் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திருப்பூரில் ஆயுத பூஜைக்கு மதம் கிடையாது. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவனானாலும் அவனவன் ஓட்டுகிற மிஷினுக்கு அவனவனே பொட்டு வைத்து, அவனவனே கற்பூரம் காட்டுவான். கிறிஸ்தவனான சகாயராஜும் ஓவர்லாக் மிஷினுக்கு வருஷா வருஷம் காட்டியவன்தான். அதனால் பொங்கியண்ணன் தட்டை நீட்டி, “படகு உம்படது சகாயம், நீயே காட்டு கண்ணு” என்றபோது அது யாருக்கும் புதிதாகத் தெரியவில்லை. அவனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஈரத்தலையைப் படிய வாரி, புதுச்சட்டை போட்டிருந்தான். ஆஷாவும் வந்திருந்தாள். நான் பொரிகடலைத் தட்டோடு கடைசியில் நின்றேன்.

கற்பூரத்தைப் பற்றவைத்துக்கொண்டு உள்ளே போனான். குனிந்து முதல் பேட்டரிக்குக் காட்டினான்.

வெடித்தது.

அதிர்வேட்டு போட்டதுபோல ஒரே சத்தம். பொரி கடலையெல்லாம் என் தலைமேலேயே கொட்டியது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் காதில் ஒன்றும் விழவில்லை. புகைக்குள்ளிருந்து சகாயராஜ் முகத்தைப் பொத்திக்கொண்டு தடுமாறி வந்தான். அவன் வாய் அசைவதுதான் தெரிந்தது. என்ன சொல்கிறான் என்று பார்த்தேன். தண்ணி, தண்ணி, தண்ணி.

குடிதண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். யாரோ, “தண்ணி ஊத்தாதீங்க, வெந்துபோகும்! காரை எடுங்க” என்று கத்தினார்கள். “வாயை மூடுங்க! இந்த ஆளு இத்தனை நாளாத் தொண்டை கிழிய இதத்தான சொன்னாரு!” என்று நானும் கத்தினேன். ஆஷா அவனைத் தரையில் கிடத்தி, இரண்டு கையாலும் கண்ணிமையைப் பிளந்து பிடித்தாள். நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு கேன் தீர்ந்து அடுத்த கேன். அவன் புதுச்சட்டை என் கண்ணெதிரே சல்லடையாக ஓட்டை விழுந்தது. பொங்கியண்ணன் கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுதது உண்மை. அதை நான் மறைக்க மாட்டேன்.

கோவையில் பெரிய கண் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வலது கண் போய்விட்டது. தண்ணீர் ஊற்றியதால் இடது கண்ணுக்கு உயிர் இருக்கிறது, பார்வை திரும்பும் என்றார் டாக்டர். எனக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது. இடது கண் இருந்தால் போதும், படகு ஓட்டிப் பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தேன். படகு இல்லையென்றால் அவனுக்குத் திரும்பவும் பஞ்சுத் தூசிதான். அது அவனுக்கு எமன்.

வெடிச் சத்தம் ஒரு அதிர்ச்சி என்றால், ஊர்ப் பேச்சு அதைவிடப் பெரிய அதிர்ச்சி. மறுவாரமே டீக்கடையில் என் காதுபடச் சொன்னார்கள்: “வேதக்காரன் கையில தட்டக் குடுத்தா சாமி பொறுக்குமா?” நான் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள். சரி, ஊர்தான் அப்படிப் பேசுகிறது, படகுத்துறையில் என்ன ஆனது? போனால் அங்கேயும் அதே பேச்சு. பூக்காரியிலிருந்து காவல்காரர்வரை எல்லோரும் சாமி குத்தம் என்றே முடித்துவிட்டார்கள். வருஷா வருஷம் அவன் ஓவர்லாக் மிஷினுக்குக் காட்டியபோது அந்தச் சாமி எங்கே போயிருந்தது என்று கேட்டேன். என்னை ஏதோ துரோகி மாதிரிப் பார்த்தார்கள்.

ஜெயபாண்டியை நானே போன் போட்டு வரவழைத்தேன். சிதறிய துண்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு மொதலாளியிடம் நேரே சொன்னான்.

“அண்ணே, இதுல சாமியும் இல்ல பூதமும் இல்ல. சார்ஜ் ஏறயில பேட்டரி கேஸ் விடும். வெளிய வச்சா காத்தோட போயிரும். நீங்க கதவச் சாத்தி, சன்னல மூடி, ராவெல்லாம் அத்தனையவும் ஒண்ணாப் போட்டு வச்சிருக்கீக. ரூம்பு பூராம் கேஸு. அதுல யாரு கற்பூரத்தக் கொண்டு போனாலும் வெடிக்கத்தான் செய்யும்.”

பொங்கியண்ணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். “நீங்க சொல்றது செரிதானுங்க” என்றார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஜெயபாண்டி வண்டியை எடுத்துக்கொண்டு போனதும் என் பக்கம் திரும்பினார்.

“இருந்தாலும் சாரதா, நாம்பதான் தப்புப் பண்ணிப்போட்டோம். அந்தத் தட்ட அவங்கையில குடுத்திருக்கப்படாது. சனம் பேசுதுல்லங்க. இனி அவனப் படகுல ஏத்துனா யாரு வந்து உக்காருவாங்க?”

“நீங்கதானுங்க மொதலாளி ரூமுக்குள்ள வெக்கச் சொன்னீங்க” என்றேன்.

அவர் குளத்துப் பக்கம் திரும்பிப் படகுகளை எண்ண ஆரம்பித்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது அங்கேயே என் கண்முன்னால் நடந்தது.

இதுவாவது போகட்டும். கட்டுப் பிரித்த பிறகு சகாயராஜைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். கிண்டலடித்துச் சிரிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

“எம்மேலதான் குத்தம்க்கா.”

“என்ன குத்தம்?”

“நான் தொட்டிருக்கப்படாது. அவிய சாமியும் கோவிச்சிருச்சு, எங்க ஆண்டவரும் கோவிச்சிட்டாரு. ரெண்டு பக்கமும் ஆவாதவனாயிட்டேன். இல்லன்னா தீயக் கண்டாலே தொரத்துத நானு, எப்பிடிக்கா எங்கையால கொண்டு போயிருப்பேன்? கண்ண மறைச்சிட்டாவக்கா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊர் சொன்னதைப் பொறுத்துக்கொண்டேன். இவனுமா? கேஸைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுத்தவனே இவன்தானே! ஜெயபாண்டி சொன்னதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான், ஆனால் ஏறவில்லை.

“எங்க சர்ச்சு சாமியாரு அப்பிடிச் சொல்லவே இல்லக்கா” என்றாள் ஆஷா. “காத்து வெடிச்சதுக்குக் கடவுள் என்னம்மா பண்ணுவாருன்னுதான் அவரும் சொன்னாரு. இவியதான் ராவும் பகலும் இதையே நெனச்சு உருகுதாவ. சோறு தின்ன மாட்டேங்கியாவ.”

கண் ஒன்று போனதுகூட அவனை இப்படி அடிக்கவில்லை. குற்றவாளி என்று அவனே அவனுக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டதுதான் அடித்துப் போட்டிருந்தது.

கார்த்திகை பிறந்ததும் மொதலாளி பரிகார பூஜை வைத்தார். சகாயராஜையும் கூட்டிவர என்னைத்தான் அனுப்பினார். வந்து சாமி முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டால் சனத்தின் வாயும் அடங்கும், கரையில் ஏதாவது வேலை கொடுக்கலாம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகாதே என்று சகாயராஜிடம் எவ்வளவோ சொன்னேன். “குத்தம் தீர்ந்தாப் போதும்க்கா” என்று கிளம்பிவிட்டான்.

போனால் பூஜைச் சாமானெல்லாம் குளக்கரையில் வேப்பமரத்தடியில் பரப்பியிருந்தது. சாமான் அறை அங்கிருந்து தூரம். அறையை வெள்ளையடித்துச் சுத்தமாக்கியிருந்தார்கள். புதுப் பேட்டரிகள் உள்ளே இருந்தன. படகுக்குப் புதிதாக வந்த ஆள், அன்றைக்கு மத்தியானச் சவாரிக்காக அவற்றைச் சார்ஜில் போட்டிருந்தான். கதவு சாத்தித்தான் இருந்தது. இத்தனை நடந்த பிறகுமா என்று பூஜை முடிந்ததும் மொதலாளியைக் கேட்டே விடுவதென்று வைத்துக்கொண்டேன்.

சகாயராஜ் விழுந்து கும்பிட்டான். மன்னிப்புக் கேட்டான். சுற்றி நின்றவர்கள் ‘உச்’ கொட்டினார்கள். பூசாரி கற்பூரத்தை ஏற்றி மரத்தடியிலேயே காட்டிவிட்டுத் தட்டை நீட்டினார். எல்லோரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். முடிந்தது என்று நினைத்தேன். அப்போது சகாயராஜ் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“அய்யா, பேட்டரிக்குக் காட்டலியேய்யா?”

“இங்கிருந்தே காட்டுனாச் செரிதானுங்க” என்றார் பொங்கியண்ணன்.

“இல்லய்யா. அது முன்னாடிதான குத்தம் நடந்துச்சு, அங்க காட்டினாத்தான் தீரும். எங்கையால வேண்டாம்யா, நான் தொடவே மாட்டேன். பூசாரி கையால காட்டச் சொல்லுங்க. நான் இங்கயே தள்ளி நின்னுக்கிடுதேன்.”

அவன் குரலில் குத்தலோ நக்கலோ கொஞ்சமும் இல்லை. கெஞ்சிக் கேட்டான். பூசாரி வெளியூர்க்காரர், அவருக்கென்ன தெரியும்? “அதுவும் நாயந்தானுங்க” என்று இன்னொரு வில்லைக் கற்பூரத்தைப் போட்டுக்கொண்டு, எரிகிற தட்டோடு அறையைப் பார்த்து நடந்தார்.

நான் கத்துவதற்கு முன்னால் பொங்கியண்ணன் கத்தினார். அந்த வயசான மனுசர் வேட்டி தடுக்க ஓடிப்போய்ப் பூசாரியின் கையைப் பிடித்து இழுத்தார்.

“நில்லுங்க சாமி, நில்லுங்க! உள்ள சார்ஜ் ஓடிட்டிருக்குதுங்க! கேஸ் கட்டியிருக்கும்! டேய், அந்தச் சுவிச்ச அமத்துடா மொதல்ல! கதவத் தொறந்து போடுங்கடா!”

அவர் ‘டா’ போட்டுக் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். பார்த்தால் பூக்காரி மரத்துக்குப் பின்னால் போயிருந்தாள். காவல்காரர் படகுத்துறையின் அந்தக் கோடிக்கே போய்விட்டார். சாமி குத்தம் என்று சொன்ன ஒரு ஆள்கூட அறைப்பக்கம் இல்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் இத்தனை நாளும் பேசியிருக்கிறார்கள்.

சகாயராஜ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். பொங்கியண்ணனுக்குப் பக்கத்தில் வந்து அவர் முகத்தைப் பார்த்தான்.

“அய்யா, அப்ப எம்மேல குத்தம் இல்லன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”